நோவு எவ்வளவு?

என் கணவர் நவநீதனின் மோவாயில் ஒரு வயர் மாட்டியிருந்தது. இன்ஜினில் தொடங்கி, டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்து, அவர் மோவாய்த் தோலில் பதித்திருந்த பொட்டளவு பித்தளைக் குமிழில் வந்து முடியும் வயர். குமிழுக்கு உள்ளே இருந்தது டாக்டர் வேலை. குமிழ் வரைக்கும் வந்தது என் வேலை. இதைப் பற்றி ஊருக்குள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பேய் பிடித்த வண்டி என்றுகூட ஒருவன் சொன்னான், அவன் வாயில் மண்ணைப் போட. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவும் இதில் இடமில்லை.

என் பெயர் இந்துஜா. பொள்ளாச்சிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப். அவர் ஓட்டுவார், நான் இன்ஜின் பார்ப்பேன். எங்களுக்கு மேலே முப்பத்து நான்கு கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி ஊசிமலை. தேயிலைத் தோட்டங்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகள், இருபது கட்டில் உள்ள ஓர் ஆஸ்பத்திரி. பெட்ரோல் வண்டிகளை நாடு முழுக்கத் தடை செய்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஓடுவதெல்லாம் கணினி ஓட்டுகிற பேட்டரி வண்டிகள். சமவெளியில் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். மலைப்பாதையில் மழையோ பனியோ இருந்துவிட்டால் மட்டும் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. காலில் விழுந்து கெஞ்சினாலும் போகாது. ஊசிமலையில் வருடத்துக்கு ஒன்பது மாதம் மழை அல்லது பனி. அந்தக் காற்றில் ட்ரோன்கள் ஈசல் மாதிரி விழுந்தன.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர். மேலே ஒருத்திக்குப் பிரசவத்தில் ரத்தம் போகிறது என்றால் கீழேயிருந்து ரத்தம் போய்ச் சேர நாலு மணி நேரம். ஒரு வருடத்தில் பதினொரு பேர் அப்படிச் செத்த பிறகு தோட்டத் தொழிலாளர் சங்கம் கோர்ட்டுக்குப் போய், ஒரே ஒரு பெட்ரோல் வண்டிக்கு அனுமதி வாங்கியது. எங்களுக்குத்தான் அந்த வண்டி வந்தது. அதை ஊசிமலைக்காரர்கள் ரத்த வண்டி என்றார்கள்.

முதல் நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் சிஸ்டர் தங்கமாரி கீழே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் திறந்து காட்டினேன்.

"இது என்னம்மா, மேல பெரிய நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு, பின்னாடி நீலச் சிலிண்டர் ஒண்ணு?"

"அது சூப்பர்சார்ஜர் சிஸ்டர். மேல போகப் போகக் காத்து மெலிசாயிரும், இன்ஜின் மங்கிரும். இது காத்தை அமுக்கி உள்ள தள்ளும். ஆனா அமுக்குன காத்து சூடாயிருமுங்க. சிலிண்டர்ல இருக்கறது நைட்ரஸ். அது சில்லுன்னு வந்து அந்தச் சூட்டையும் தணிக்கும், எரியறதுக்கு இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனும் குடுக்கும்."

"பல்லு பிடுங்கும்போது குடுப்போமே, சிரிப்பு வாயு. அதா?"

"அதேதானுங்க."

"அப்ப ரெண்டும் நல்ல ஜோடி."

"ஜோடி நல்ல ஜோடிதான். ரெண்டும் சேர்ந்து கொஞ்சம் அளவு மீறுச்சுன்னா, பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சு பிஸ்டன்ல ஓட்டை போட்டுரும். அதுதான் கஷ்டம்."

அப்படித்தான் போட்டது. ஆறு மாதத்தில் மூன்று இன்ஜின்களைத் தின்றோம். முன்னதாக வெடிப்பதை எங்கள் தொழிலில் நாக்கிங் என்போம். சோளம் பொரிவதுபோல உள்ளே சத்தம் வரும். சென்சார் அதைக் கேட்டுச் சொல்வதற்குள் வேலை முடிந்துவிடும். கணினியிடம் விட்டுப் பார்த்தேன். அது பயந்தாங்கொள்ளி. கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் நைட்ரஸை மொத்தமாக அடைத்துவிடும். வளைவின் நடுவில் சக்தி போய், வண்டி பின்னால் உருண்டது. நவநீதன் எப்படிப் பிடித்து நிறுத்தினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு வீட்டில் தோசை ஊற்றும்போது எனக்குக் கை சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"பாத்தியா புள்ள," என்றார் அவர். "கல்லு சூடுன்னு யோசிச்சா எடுத்தே? கை தானா வந்துச்சு. உன்ற கம்ப்யூட்டருக்கு அந்த மாதிரி ஒரு கை இல்ல. அதான் சங்கதி."

நான் தோசையைக் கருக விட்டேன். அப்படியென்றால் இன்ஜினுக்கு நோகும்போது ஓட்டுகிறவருக்கு நொந்தால்? வெடிப்பதற்கு முன்னால் ஒரு நடுக்கம் உண்டு. சென்சார் அதைப் பிடிக்கும், என்ன செய்வதென்றுதான் அதற்குத் தெரியாது. அந்த நடுக்கத்தை ஒரு நரம்புக்குள் அனுப்பினால் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் தானாக எழும், தேவையான அளவுக்கு மட்டும் எழும். ஒரு மயிரிழை.

டாக்டர் பெலிக்ஸ் என்ற நரம்பு நிபுணரைச் சங்கம் பிடித்து வந்தது. மோவாய் நரம்புதான் தோதானது, மூளைக்குப் பக்கம் என்று அவர் சொன்னார். அரை மணி நேர ஆபரேஷன். வண்டி நிஜமாகவே ஓடியது. நாற்பத்து மூன்று நிமிடத்தில் ஊசிமலை. முதல் முறை மேலே போய்ச் சேர்ந்தபோது நான் இன்ஜினைக் கட்டிப்பிடித்துக் கொண்டு அழுதேன். கை சுட்டது, அது வேறு விஷயம்.

அந்த சமிக்ஞைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எங்கள் பக்கம் வலியை நோவு என்போம். அதையே வைத்தோம். எவ்வளவு பலமாக அனுப்புவது என்பதற்கு டாஷ்போர்டில் ஒரு திருகு, ஒன்றிலிருந்து பத்து வரை. அது நோவுத் திருகு. ஓடும்போது பக்கத்து சீட்டிலிருந்து நான் கேட்பேன், "நோவு எவ்வளவு?" அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ரெண்டு" என்பார், "மூணு" என்பார். அதை வைத்து நான் பெட்ரோலைக் கூட்டுவேன், நைட்ரஸைக் குறைப்பேன். நல்ல வேலைமுறை. இதைவிடத் துல்லியமான கருவி நான் பார்த்ததில்லை.

அறுபத்தோரு தடவை மேலே போனோம். லயன் வீடுகளில் எங்கள் வண்டி படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். ஒரு பெண் குழந்தைக்கு நவநீதா என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு ஒரு வாரம் கால் தரையில் படவில்லை.

இதற்கு நடுவே ஊசிமலை ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தம் வைத்துக்கொள்ள இருந்த சின்னக் குளிர்பெட்டியும் பழுதாயிற்று. சிஸ்டர் தங்கமாரி எழுதிப் போட்டார். "அதுதான் வண்டி இருக்கிறதே" என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் எனக்குப் படித்துக் காட்டியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அறிவு கெட்டவள் நான்.

எண்கள் ஏறத் தொடங்கியது நாற்பதாவது பயணத்துக்குப் பிறகு. மழை பலமாக இருந்ததால் இன்ஜினை இன்னும் சூடாக ஓட்டினோம், திருகையும் ஐந்திலிருந்து ஏழுக்கு ஏற்றியிருந்தேன். அவர் "நாலு" என்றார். பிறகு "அஞ்சு". அப்புறம் ஒரு நாள் வண்டியை நிறுத்தி, வயரைக் கழற்றி, கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றை ஒரு பக்கமாகவே மென்றார்.

"இன்னுமா இருக்குது?" என்றேன்.

"ஆமா."

"எவ்வளவு?"

"நாலு இருக்கும்."

வயர் இல்லாமல் நாலு. மறுநாளே டாக்டர் பெலிக்ஸிடம் கூட்டிப் போனேன். அவர் குமிழைச் சோதித்தார், வயரைச் சோதித்தார், கணினியில் கோடுகளைப் பார்த்தார்.

"வயர்ல ஒண்ணும் கோளாறு இல்ல," என்றார். "நரம்பு பழகிடுச்சு. இன்ஜின் நின்ன பிறகும் அதுக்கு ஞாபகம் இருக்கு. கை போனவங்களுக்கு இல்லாத கையில வலிக்குமே, அது மாதிரி."

"இதுக்கு மருந்து?"

"ஓட்டாம இருக்கறதுதான். மூணு மாசம் நிறுத்துங்க."

வெளியே வந்ததும் நவநீதன் சிரித்தார். "மூணு மாசமா? இந்த மழையில? மேல இருக்கறவங்களை யாரு பாக்கறது, இவரா?"

"வேற யாராச்சும் ஓட்டட்டும்."

"யாரு? அந்த மலையில இந்த வண்டிய வேற எவன் ஓட்டுவான், சொல்லு."

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் சண்டை போட்டோம். அவர் கஞ்சிக்கு இறங்கினார். பத்து கிலோ குறைந்தார். பேசும்போது வாயை முழுதாகத் திறப்பதை நிறுத்தினார், தாடையில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் ஒர்க்‌ஷாப் அதிரச் சிரிக்கிற மனுஷன். காலையில் எழுந்ததும் என் முதல் கேள்வி, "நோவு எவ்வளவு?" அவர் எண்ணைச் சொல்வார். ஐந்து. ஆறு. ஆறு. நான் மனதுக்குள் இன்ஜினைத் திட்டுவேன். என் கையால் கட்டின இன்ஜின் என் புருஷனைத் தின்கிறதே என்று எனக்கு வெறியே வந்தது. அவரைக் காப்பாற்ற வேண்டும். எனக்கு வேறு எண்ணமே இல்லை.

அதனால்தான் அதைச் செய்தேன். ஒரு வியாழக்கிழமை, அவர் சாப்பிடப் போயிருந்தபோது, டாஷ்போர்டைக் கழற்றி, நோவுத் திருகின் உள்பக்கத்தைப் பிரித்தேன். வெளியே ஏழு என்று காட்டும், உள்ளே மூன்றுதான் போகும். அவரிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். பாதிக்குப் பாதி குறையும், நரம்பு ஆறும், இன்ஜினைக் கொஞ்சம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அழைப்பு வந்தது. பெயர் ஜெபகனி, வயது இருபத்தாறு, முதல் பிரசவம். ஆண் குழந்தை நல்லபடி பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ஒன்பது இருபத்தைந்துக்கு நாலு பை ரத்தத்தோடு கிளம்பினோம்.

மழை கொட்டியது. பத்தாவது வளைவு தாண்டியதும் கேட்டேன்.

"நோவு எவ்வளவு?"

"ஆறு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். திருகை ஏழிலிருந்து மூன்றுக்கு இறக்கியிருக்கிறேன், எண் மட்டும் இறங்கவே இல்லை. அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நரம்பின் ஞாபகம் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளில் என்ன ஆறிவிடப் போகிறது என்றும் நினைத்தேன்.

இருபதாவது வளைவில் "ஆறு" என்றார். இருபத்தைந்தில் "ஆறுதான் புள்ள, மாறவே இல்ல, இன்னிக்கு இன்ஜின் நல்லா இருக்குது" என்று நைட்ரஸை முழுதாகத் திறந்தார். எனக்கு ரேடியேட்டர் முள் ஏறுவது தெரிந்தது. பெட்ரோலைக் கூட்டினேன். "கொஞ்சம் விடுங்க மாமா" என்றேன். "நொந்தா நானே விடமாட்டனா?" என்றார்.

இருபத்தொன்பதாவது வளைவில் சோளம் பொரியும் சத்தம் கேட்டது. அவர் கால் எழவில்லை. எனக்குக் கேட்ட சத்தம் அவர் தாடைக்கு எட்டவில்லை. கத்தினேன். அவர் காலை எடுப்பதற்குள் பானெட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது, எண்ணெய் கருகும் நாற்றம் வந்தது, இன்ஜின் ஒரு குலுக்கலோடு நின்றது.

மேலே இன்னும் ஆறு கிலோமீட்டர். பேட்டரி வண்டியைக் கூப்பிட்டால் வந்து சேரவே ஒரு மணி நேரம். அவர் வயரைப் பிடுங்கி எறிந்தார், ரத்தப் பெட்டியைத் தோளில் மாட்டினார், தேயிலைச் சரிவில் குறுக்கு வழியாக ஏறி ஓடினார். மழையில் அவர் முதுகு ஒரு நிமிடம் தெரிந்தது, பிறகு பனி மூடிக்கொண்டது. நான் செத்த இன்ஜினோடு சாலையில் நின்றேன்.

ஐம்பது நிமிடம் கழித்து வண்டி ரேடியோவில் சிஸ்டர் தங்கமாரியின் குரல் வந்தது.

"இந்துஜா, நவநீதன் போனை எடுக்க மாட்டேங்கறார். எங்க இருக்கார்?"

"ஓடி வந்துட்டு இருக்காருங்க சிஸ்டர். வந்துருவாரு. இன்னும் கொஞ்ச நேரம்."

"ஓட வேண்டாம்னு சொல்லும்மா," என்றார்.

பெட்டியை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனது அவரில்லை. ஜெபகனியின் கணவன் மரியலூயிஸ் மேலேயிருந்து எதிரே ஓடி வந்திருக்கிறான். பாதி வழியில் இரண்டு பேரும் சந்தித்து, அவன் வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினானாம். அவன் போய்ச் சேரும்போது அவள் முகத்தை மூடியிருந்தார்கள்.

இன்ஜினைப் பிரித்தேன். மூன்றாவது பிஸ்டனில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. நவநீதன் பக்கத்தில் வந்து நின்று அதையே பார்த்தார்.

"என்ற கால் லேட்டாயிருச்சு," என்றார். "நோவு வந்துருக்கும். எனக்குத்தான் தெரியாமப் போச்சு. கொன்னுட்டனே புள்ள அந்தப் பொண்ணை."

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில். வாய் வரவில்லை. பத்து நாள் அவர் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊற்றிக்கொடுத்தேன். வண்டி இல்லை, வயர் இல்லை. காலையில் கேட்டால் ஏழு என்றார். துக்கம் கூட்டுகிறது என்று நினைத்தேன். இப்படி ஒரு பொம்பளை.

பதினோராவது நாள் மரியலூயிஸ் வந்தான். மெலிந்த உடம்பு, முழங்கையில் தேயிலைக் கறை. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து எழுந்து நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"அக்கா, புது இன்ஜின் வந்துருச்சுன்னு சங்கத்துல சொன்னாங்க."

"வந்துருச்சு." பெஞ்சில் ஏற்றி வைத்திருந்ததைக் காட்டினேன்.

"அண்ணனால இனி முடியாதுன்னும் சொன்னாங்க. என் தாடையில வயரை வெச்சிருங்க."

"என்னது?"

"எனக்குப் பிக்கப் ஓட்டத் தெரியும். அந்த ரோட்டுல இருக்கற கல்லு ஒவ்வொண்ணும் தெரியும். குளிர்பெட்டி இன்னும் வரல அக்கா. எங்க லயன்லயே ரெண்டு பேரு மாசமா இருக்காங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பைத்தியமா உனக்கு? என்ற வீட்டுக்காரரைப் பாத்தியா, என்ன கதி ஆயிருக்காருன்னு? உனக்குக் கைக்குழந்தை இருக்குது. போ, போய் வேலையப் பாரு."

"வலிக்கட்டும்," என்றான். "அவளுக்கு வலிச்சதைவிடவா வலிச்சிடப் போகுது?"

அவன் போகவில்லை. வாசலில் உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறைத்தது. இந்த நோவை உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் அனுபவித்திருக்கிறார். கட்டின எனக்கே அது எப்படி இருக்கும் என்று தெரியாது. இன்னொருவன் தாடையைத் துளைப்பதற்கு முன்னால் என் தாடையில் பார்த்துவிட வேண்டும்.

துளையிடாமல் தோல் மேலேயே ஒட்டுகிற கிளிப் ஒன்று சோதனைக்கென்று டாக்டர் கொடுத்தது இருந்தது. அதை மோவாயில், அவருக்குக் குமிழ் இருக்கிற அதே இடத்தில் ஒட்டிக்கொண்டேன். "அந்த ஆக்சிலரேட்டர் நெம்பை நான் சொல்லும்போது இழு" என்று மரியலூயிஸை இன்ஜினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். திருகின் உள்பக்கத்தைப் பழையபடி மாட்டி, பத்தில் வைத்தேன். சூப்பர்சார்ஜர் ஊளையிட்டது. நைட்ரஸைத் திறந்து, வேண்டுமென்றே பெட்ரோலைக் குறைத்தேன்.

வந்தது. அம்மா! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீழ் முன்பற்களில் ஐஸ் கட்டியை வைத்துக் கடித்ததுபோல, உதட்டுக்கு அடியில் சுரீரென்று. "விடு!" என்றேன். அவன் நெம்பை விட்டான். அந்தக் கணமே நோவு நின்றுவிட்டது. ஒன்றுமே நடக்காதது போல.

"ரொம்ப வலிக்குதா அக்கா?"

"வலிக்குது. முன்னாடி இருக்கற பல்லுல." சொல்லிக்கொண்டே மோவாயைத் தடவினேன்.

தடவின கை அப்படியே நின்றது. நவநீதன் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எந்த இடம்? கண்ணை மூடிப் பார்த்தேன். ஆறு மாதமாகத் தினமும் பார்த்த காட்சி. இடது காதுக்குக் கீழே, தாடை முடிகிற மூலையில், உள்ளங்கையை முட்டுக் கொடுத்து.

"ஏனுங்!" என்று கத்தினேன். "இங்க வாங்க!"

பின்கட்டிலிருந்து வந்தார்.

"உங்களுக்கு நோவு எங்க இருக்குது?"

"எட்டு இருக்கும் இன்னிக்கு."

"எவ்வளவுன்னு கேக்கல. எங்க? எந்த இடத்துல?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். விரலை எடுத்து இடது தாடையின் கடைசியில், காதுக்கு அடியில் வைத்தார். "இங்கதான். எப்பவும் இங்கதான்."

"வயர் மாட்டுறப்ப முன்னாடி பல்லு சுருக்குங்குமே?"

"அது வேற, வண்டி நோவு. அது வரும், போகும். அதுக்கென்ன. இந்த நோவுதான் நிக்கறதில்ல. ரெண்டும் ஒண்ணுதானே, டாக்டரு நரம்புன்னு சொன்னாரே?"

பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு, எவ்வளவு என்று ஆறு மாதம் கேட்டேனே, எங்கே என்று ஒரு தடவை கேட்டேனா? அவர் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லியிருக்கிறார். நான் அதை இன்ஜினின் எண் என்று வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. மரியலூயிஸ் நிற்பது தெரிந்தும் சொன்னேன். அவன் நின்றதால்தான் சொன்னேனோ என்னவோ.

"திருகை நான்தான் மாத்துனேன் மாமா. வெளிய ஏழு, உள்ள மூணு. உங்களுக்கு நோவு கொறையட்டும்னு. அன்னிக்கு உங்க கால் லேட்டாகல. வண்டி நோவு உங்களுக்கு வந்தே இருக்காது. உங்க சொந்த நோவே ஆறு இருக்கும்போது மூணு எங்க தெரியப்போகுது? நான்தான் அந்தப் பொண்ணைக் கொன்னேன்."

இன்ஜின் ஆறும்போது உலோகம் டிக் டிக்கென்று சுருங்கும். அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நவநீதன் ஸ்டூலில் உட்கார்ந்தார். மரியலூயிஸ் என்னைப் பார்த்தான். அவன் கை பெஞ்சில் கிடந்த ஸ்பானர் மேல் இருந்தது. எடுக்கவில்லை. வெளியே போய் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

சிலிண்டருக்குள் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு கேமரா உண்டு. பென்சிலைவிட மெல்லிய குழாய், முனையில் விளக்கு. அதை ஸ்பிரிட் போட்டு மூன்று தடவை துடைத்தேன். "வாயைத் திறங்க" என்றேன்.

"முழுசாத் திறக்க வர்றதில்ல புள்ள."

"முடிஞ்ச வரைக்கும் திறங்க."

இரண்டு விரல் அகலம்தான் திறந்தது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், ஈறும் கன்னமும் சேரும் இடத்தில், திரையில் அது தெரிந்தது. ஒரு ரூபாய் அளவுப் புண். ஓரம் தடித்து, நடுவில் வெள்ளையும் சிவப்புமாக. இன்ஜினில் மயிரிழை விரிசலைக்கூட விடாத கண் என்னுடையது. இத்தனை மாதம் ஒரு பாத்திரத்தில் சோறு தின்ற மனுஷன் வாயில் இது இருந்திருக்கிறது.

"என்ன தெரியுது?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க."

வெளியே வந்தபோது மரியலூயிஸ் பேட்டரி ஆட்டோ ஒன்றை நிறுத்தி வைத்திருந்தான். எங்கள் பேச்சு அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். நவநீதன் ஏறுவதற்குக் கை கொடுத்தான். என்னிடம் மட்டும் கையை நீட்டவில்லை.

"உங்களை மன்னிக்க எனக்கு வரல அக்கா," என்றான். "வருமான்னும் தெரியல. அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. குளிர்பெட்டிக்கு நாங்க எல்லாரும் திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காரப் போறோம். நடந்ததை நீங்க அங்க வந்து சொல்லணும்."

"வர்றேன்," என்றேன். திங்கட்கிழமை போகவும் செய்தேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிஸ்டர் தங்கமாரி என் பக்கம் திரும்பவே இல்லை. அது பிறகு.

அன்று பெரியாஸ்பத்திரியில் வாய்ப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். விளக்கை அடித்துப் பார்த்தார், கழுத்தில் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். இரண்டு இடத்தில் விரல் நின்றது. கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் மெதுவாக, புற்றுநோய்தானா என்பதைச் சதை எடுத்துச் சோதித்தபின்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். ஆனால் கழுத்துக்கும் போயிருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"ஆறு மாசம்! ஆறு மாசமா இவ்வளவு வலியோட இருந்திருக்கார். படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. ஆரம்பத்துலயே வந்திருந்தா சின்ன ஆபரேஷன்ல போயிருக்கும். வலிக்குதுன்னு இந்த மனுஷன் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறந்து சொல்லலையா?"

நவநீதன் ஏதோ சொல்ல வந்தார், தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"தினமும் சொன்னாருங்க," என்றேன். "எங்கிட்டத்தான் சொன்னாரு."